பூக்காலத்தில் வந்தவள்

குங்குமப்பூ பூக்கத் தொடங்கிவிட்டால் எங்கள் ஊர் கலாத்தேயில் சாகக்கூட யாருக்கும் நேரம் இருக்காது என்பார்கள். வெயில் ஏறி இதழ் விரிவதற்குள் பறித்தாக வேண்டும். பறித்த பூ வாடுவதற்குள் உட்கார்ந்து சிவப்பு இழையைப் பிரித்தெடுத்தாக வேண்டும். தவறினால் ஒரு வருஷ உழைப்பு கூடையிலேயே கறுத்துப்போகும். அப்படிப்பட்ட ஒரு வாரத்தில்தான் ஹொஜ்ஜத் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். அவன் என் பெரியப்பா மகன். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே மண்சுவர்தான்.

"பராத், நாளைக்கு உன் நிசான் வண்டி வேணும். பீர்ஜந்த் வரைக்கும்."

"பூவைப் போட்டுட்டு பீர்ஜந்துக்கு எதுக்குடா?"

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "எஃபத்தை விடுறாங்க."

எஃபத் அவன் தங்கை. மூன்று வருஷமாகச் சிறையில் இருந்தாள். அவளைக் கட்டியவன் லாரி ஓட்டுபவன். கிழக்கு எல்லையிலிருந்து எதையெதையோ ஏற்றிவருவான். முதல் பிள்ளை வயிற்றிலேயே செத்துப் பிறந்தபோது வலி தாங்காமல் துடித்தவளுக்கு அவன்தான் அபினை உருட்டி நாக்கடியில் வைத்தான். பிறகு அது வெள்ளைப் பொடியாயிற்று. கடைசியில் அவள் வீட்டு மாவுப் பீப்பாய்க்கு அடியில் போலீசார் அந்த மூட்டைகளைக் கண்டெடுத்தார்கள். புருஷன் எல்லை தாண்டிவிட்டான். இவள் உள்ளே போனாள்.

பீர்ஜந்த் சிறை வாசலில் நாங்கள் காத்திருந்தபோது காற்று முகத்தை அறுத்தது. கையில் ஒரு பிளாஸ்டிக் பையோடு வெளியே வந்தாள். பழைய எஃபத் வாயாடி. கல்யாண வீட்டில் நுழைந்தாளானால் மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். இவள் வேறு யாரோ போல இருந்தாள். கன்னம் ஒட்டி, முன்பல் இரண்டு போயிருந்தது. அண்ணனைப் பார்த்து, "பூ ஆரம்பிச்சுருச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஆரம்பிச்சுருச்சு."

"என்னால உங்களுக்கு ஒரு நாள் போச்சு."

வழியில் டீக்கடையில் நிறுத்தினோம். கழிப்பறைக்குப் போகிறேன் என்று எழுந்தவள் கதவுக்கு முன்னால் போய் அப்படியே நின்றாள். நான் உள்ளே யாரோ இருக்கிறார்கள் போலும் என்று நினைத்தேன். நேரம் போயிற்று. ஹொஜ்ஜத் பக்கத்தில் போய்ப் பார்த்தான்.

"ஏன் நிக்கிறே? தள்ளிட்டுப் போ."

அவள் திடுக்கிட்டுக் கதவைத் தொட்டாள். "மறந்துபோச்சு அண்ணே. அங்கே நாமளா திறக்கக் கூடாது."

ஊருக்குத் திரும்பும் வழியில் காயன் நகரத்தில் போதை மறப்புச் சிகிச்சை மையத்தில் இறங்கினோம். சிறையில் அவளுக்கு மெத்தடோன் என்ற மருந்து கொடுத்து வந்தார்கள். சர்பத் மாதிரி திரவம். அதைத் தினமும் அளவாகக் குடித்தால் உடம்பு பழைய விஷத்தைக் கேட்காது. வெளியே வந்த பிறகும் நிறுத்தக் கூடாது, மையத்தில் வந்து குடிக்க வேண்டும் என்பது விடுதலையின் நிபந்தனை. ஹொஜ்ஜத் அதற்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தான். பூக்காலம், தினமும் வர முடியாது என்று அவன் கெஞ்சியதால், நர்சு ஒரு வாரத்து மருந்தைப் பழுப்புச் சீசாவில் ஊற்றி, ஒரு தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை அவன் கையில் கொடுத்தாள்.

"இது இவளுக்கு மருந்து. வேற யாருக்கும் எமன். குழந்தை இருக்கா வீட்டுல?"

"மூணு வயசுல ஒண்ணு இருக்கு."

"அப்ப பெட்டி எப்பவும் பூட்டியிருக்கணும். தினமும் காலைல அளந்து நீங்களே குடுங்க. மிச்சத்தைப் பூட்டுங்க."

ஹொஜ்ஜத் தலையாட்டினான். வீட்டுக்கு வந்ததும் சாவியை மனைவி தாஹெரேயிடம் கொடுத்துவிட்டான். விடியுமுன்னே வயலுக்குப் போகிறவன் என்ன செய்வான்?

தாஹெரே கெட்டவள் இல்லை. பயந்தவள். எஃபத் வருகிறாள் என்று தெரிந்த நாளிலிருந்தே அவளுக்குத் தூக்கமில்லை. என் மனைவி கொப்ராவிடம் சுவருக்கு இந்தப் பக்கம் வந்து அழுதாள்.

"பொண்ணு வளர்ற வீடு அக்கா. அவளைத் தேடி எவனெவன் வருவானோ! ராத்திரியில என்ன பண்ணுவாளோ! உடம்புல என்ன வியாதியோ! இவரு 'என் தங்கச்சி'ன்னு ஒரு வார்த்தையில முடிச்சுட்டாரு."

"அவ எங்க போவா தாஹெரே?"

"எனக்குத் தெரியல அக்கா. நான் போகச் சொல்லல. பயமா இருக்குன்னுதானே சொல்றேன்."

எஃபத்துக்கென்று ஒரு தம்ளரையும் ஒரு தட்டையும் ஒதுக்கி வைத்தாள். எஃபத் அதைப் பார்த்தாள். சாப்பிட்டதும் தானே கழுவி, மற்ற பாத்திரங்களோடு ஒட்டாமல் தனியே கவிழ்த்து வைத்தாள்.

வயலில் அவளைப் போல் பறிப்பவர் எங்கள் ஊரில் அப்போதும் இல்லை. உறைபனி மண்ணின்மேல் உப்புத் தூவினது போலக் கிடக்கும். குனிந்தால் இடுப்பு நிமிராது. விரல்நுனி மரத்துவிடும். மற்றவர்கள் ஒரு வரிசை முடிப்பதற்குள் அவள் அடுத்ததில் பாதி போயிருப்பாள். ஆனால் ரோட்டில் ஏதாவது மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் போதும், கை நின்றுவிடும். சத்தம் தேய்ந்து மறையும்வரை தலையைத் தூக்க மாட்டாள். அவளுக்கும் பயம்தான். யாருக்கு அதிகம் என்று சொல்வதற்கில்லை.

பகலில் ஹொஜ்ஜத் வீட்டுக் கூடத்தில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து இழை பிரிப்போம். நடுவில் பூ மலையாகக் குவிந்திருக்கும். அக்கம்பக்கத்தார் எல்லாரும் வருவார்கள். இன்றைக்கு இவர்கள் வீடு, நாளைக்கு என் வீடு. ஊதா இதழ்கள் முழங்கால் உயரத்துக்குச் சேரும். ஹொஜ்ஜத்தின் மகள் ரெய்ஹானே அதில் விழுந்து புரளுவாள். அடுப்பில் காய்ந்த மோர்க்கட்டியைக் கரைத்த குழம்பு வெங்காயமும் வால்நட்டுமாகக் கொதிக்கும். அதில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக் குழைத்து உண்போம்.

அந்த வட்டத்தில் ஹாஜி கொர்பான் என்ற பெரியவர் ஒருவர் உண்டு. முட்டிவலிக்கென்று முப்பது வருஷமாக மதியச் சாப்பாட்டுக்குப் பின் அபின் புகைப்பவர். ஊரில் அவருக்கு முதல் மரியாதை. அவர்தான் எஃபத்தை வம்புக்கு இழுத்தார்.

"ஏம்மா எஃபத், உள்ளே டீயெல்லாம் நல்லா குடுத்தாங்களா?"

"டீன்னு பேரு சொல்லி வெந்நீர் குடுத்தாங்க மாமா. பேரைக் கேட்டுக்கிட்டே குடிச்சா டீ மாதிரிதான் இருந்துச்சு."

எல்லோரும் சிரித்தோம். பழைய எஃபத் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது போல இருந்தது. ஹாஜி விடவில்லை.

"அது சரி, தினமும் ஏதோ சீசா மருந்து குடிக்கிறியாமே. போதைக்குப் போதை மருந்தா? அதுக்கு நம்ம ஊருச் சரக்கே தேவலையே. மிளகு அளவு, டீயில கரைச்சு..."

"வேணாம் மாமா."

"மருந்துக்குத்தானேம்மா சொல்றேன்."

"எனக்கும் முதல்ல மருந்துக்குத்தான் குடுத்தாங்க மாமா."

ஹாஜி மூக்குக்கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். அந்த நேரம் பார்த்து அவர் மனைவி சர்க்கரை எடுக்கச் சமையலறைக்குப் போனவள் திரும்பி வந்தாள்.

"தாஹெரே, அலமாரியில பழுப்புச் சீசா ஒண்ணு வெளியவே நிக்குதே. செர்ரிச் சாறுன்னு நெனச்சு எடுத்தேன். பேரைப் படிச்சதும் அப்படியே வச்சுட்டேன். சிறைச்சாலை மருந்தை சமையலறையில வச்சிருக்கியேம்மா!"

காலையில் அளந்து கொடுத்த அவசரத்தில் தாஹெரே அதைப் பெட்டியில் வைக்க மறந்திருந்தாள். அவள் முகம் செத்துப்போயிற்று. எழுந்து உள்ளே போனாள். நேரம் கழித்துத்தான் திரும்பி வந்தாள்.

மறுநாள்தான் பூ உச்சத்தில் இருந்தது. அப்படி ஒரு நாள் வருஷத்துக்கு ஒன்று வரும். இரவு பெய்த சாரல் எல்லா மொட்டையும் ஒரே சமயத்தில் எழுப்பிவிட்டிருந்தது. வயல் முழுக்க ஊதா. ஹொஜ்ஜத் மலையடி வயலுக்குப் போய்விட்டான். தாஹெரேயும் என் மனைவியும் இன்னும் சிலரும் கூடத்தில் இழை பிரித்தார்கள். எஃபத்தும் நானும் கீழ் வயலில் பறித்ததை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தோம். அப்போது வெயில் நன்றாக ஏறியிருந்தது.

கூடைகளை இறக்கி உள்ளே கொண்டுபோனோம். ரெய்ஹானே இதழ்க் குவியலின் மேல் தூங்கிக்கொண்டிருந்தாள். தலையிலும் காதிலும் ஊதா இதழ்கள். குறட்டை விட்டாள்.

"விடியக்காலைல எழுந்துட்டா, பாவம்," என்றாள் கொப்ரா. "தூங்கட்டும்னு விட்டுட்டோம்."

எஃபத் கூடையைப் பிடித்தபடி நின்றாள். பிறகு கூடை அவள் கையிலிருந்து நழுவிப் பூவெல்லாம் வாசற்படியில் சிதறியது.

"எவ்ளோ நேரமா?"

"இப்பத்தான். ஏன்?"

"இது தூக்கம் இல்ல. இந்தக் குறட்டை எனக்குத் தெரியும்."

பாய்ந்துபோய்ப் பிள்ளையைத் தூக்கினாள். தலை துணிப்பொம்மையின் தலை போலப் பின்னால் சாய்ந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. எஃபத் கண்ணிமையை விரலால் தூக்கிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கிக் கிடந்தது.

"அண்ணி! என் மருந்து எங்கே? பெட்டி எங்கே?"

தாஹெரே எழுந்து அலறினாள். "என் புள்ளைக்கு என்னடி குடுத்தே? பாவி, என்னடி குடுத்தே?"

எஃபத்தின் முகத்தில் அறைந்தாள். தலைமுடியைப் பிடித்து இழுத்தாள். எஃபத் பிள்ளையை விடாமல் மார்போடு அணைத்தபடி அடியை வாங்கினாள்.

"அப்புறம் அடி அண்ணி. எவ்ளோ வேணாலும் அடி. பராத் அண்ணே, வண்டியை எடு! மூச்சு நின்னுக்கிட்டே வருது!"

வண்டியில் மூவரும் முன்னால் ஏறினோம். பிள்ளை நடுவில், எஃபத் மடியில். தாஹெரே பிடுங்கப் பார்த்தாள்.

"என் புள்ளையைக் குடு! நீ தொடாதே!"

"குடுக்கிறேன். ஆனா தூங்க விடாதே. உள்ளங்காலைக் கிள்ளு. பேரைச் சொல்லிக் கூப்பிடு. நல்லா வலிக்கக் கிள்ளு அண்ணி, பாவம் பாக்காதே!"

காயனுக்குப் போகும் சாலை பாதி மண், பாதி தார். நான் வண்டியை விரட்டினேன். இரண்டு பக்கமும் ஓடைக்கரையில் சிறுகளாச் செடிகள் செக்கச்செவேலென்று காய்த்துத் தொங்கின. அவ்வளவும் கண்ணில் பட்டது, ஒன்றும் மனதில் ஏறவில்லை. பக்கத்தில் தாஹெரே "ரெய்ஹானே, ரெய்ஹானே, கண்ணு" என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். திடீரென்று குரல் அறுந்தது.

"கிள்ளினாலும் அழ மாட்டேங்குறாளே!"

எஃபத் பிள்ளையின் மூக்கருகே கன்னத்தை வைத்துப் பார்த்தாள். மூச்சு விட்டது, நின்றது, அடுத்தது வர வெகுநேரம் ஆயிற்று. அவள் பிள்ளையின் தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, வாயைப் பிள்ளையின் வாய்மேல் வைக்கப் போனாள். தாஹெரே கையை நடுவில் வைத்துத் தடுத்தாள்.

"உன் வாயை என் புள்ள மேல வைக்காதே!"

"எனக்கு எந்த வியாதியும் இல்ல அண்ணி. உள்ளே எல்லாம் சோதிச்சுப் பாத்தாச்சு. நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்." அவள் குரலில் கோபமில்லை, அவசரம் மட்டும்தான். "பக்கத்துப் படுக்கைக்காரி ஒருத்தி இப்படித்தான் கிடந்தா. நர்சு ஊதி ஊதி எழுப்பினதை நான் பாத்தேன். கையை எடு."

அடுத்த மூச்சு வரவில்லை. தாஹெரே கையை எடுத்தாள்.

எஃபத் ஊதினாள். பிள்ளையின் சின்ன மார்பு ஏறி இறங்கியது. மறுபடி ஊதினாள். வண்டி குழியில் விழும்போதெல்லாம் அவள் பல் பிள்ளையின் உதட்டில் இடித்து ரத்தம் வந்தது. இப்போது தாஹெரே கத்திக்கொண்டிருந்தாள். "ஊது எஃபத்! நிறுத்தாதே! ஊது!"

ஊதலுக்கு நடுவே எஃபத் கேட்டாள். "எவ்ளோ குடிச்சிருப்பா? டாக்டர் கேப்பாங்க. எதுலேர்ந்து குடிச்சா? பெட்டி பூட்டித்தானே இருந்துச்சு?"

தாஹெரே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எஃபத் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

"அண்ணி."

"எலுமிச்சைச் சாறு பாட்டில்ல ஊத்தி வச்சேன்," என்றாள் தாஹெரே. வண்டிச் சத்தத்தில் அது எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. அவள் மறுபடி சொன்னாள். "ஹாஜி பொண்டாட்டி எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாளேன்னு... இனி யாரும் அந்தப் பேரைப் படிக்கக் கூடாதுன்னு சீசாவை உடைச்சுக் குப்பையில போட்டுட்டேன். பிரிட்ஜ்ல தயிருக்குப் பின்னாடி வச்சேன். காலைல பூ வந்துருச்சேன்னு அவசரம்... நான்தான் சரியா மூடல போலிருக்கு."

எஃபத் மறுபடி குனிந்து ஊதினாள்.

மருத்துவமனை வாசலில் வண்டி நின்றதும் அவள் பிள்ளையோடு ஓடினாள். செருப்பு ஒன்று வண்டியிலேயே கிடந்தது. உள்ளே ஒரு இளம் பெண் டாக்டர் பிள்ளையை வாங்கிப் படுக்கையில் போட்டாள்.

"என்ன சாப்பிட்டுச்சு குழந்தை?"

தாஹெரே வாயைத் திறந்தாள். அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று நான் பயத்தோடு பார்த்தேன். "தெரியல டாக்டர்... ஏதோ ஒத்துக்கல..." என்றாள். வேண்டுமென்றே சொன்னதாக எனக்கு இன்றைக்கும் படவில்லை. பயத்தில் நாக்கு தானாகச் சொன்ன பொய் அது.

"மெத்தடோன்," என்றாள் எஃபத். கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "என்னோட மருந்து. நான் சிறையிலேர்ந்து வந்தவ. மூணு நாலு வாய் குடிச்சிருக்கலாம். கண்மணி சுருங்கிப்போச்சு. வழியில ரெண்டு தடவை மூச்சு நின்னுச்சு."

டாக்டர் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. ஊசி போட்டாள். நாங்கள் மூவரும் சுவரோடு ஒட்டி நின்றோம். சற்று நேரத்தில் ரெய்ஹானே பெரிதாக மூச்சை இழுத்து, இருமி, வாந்தியெடுத்து, வீறிட்டு அழுதாள். அந்த அழுகையைக் கேட்டதும் தாஹெரே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"சந்தோஷப்படாதீங்க இன்னும்," என்றாள் டாக்டர். "இந்த ஊசி சீக்கிரம் இறங்கிரும், உள்ளே போன மருந்து இறங்காது. மறுபடி தூங்கிப்போவா. நாளைக்கு வரைக்கும் கண் எடுக்காம பாக்கணும். விஷக் கேஸ், போலீசுக்குச் சொல்லியே ஆகணும்."

போலீஸ் என்ற சொல்லைக் கேட்டதும் எஃபத்தின் முகத்தில் இருந்த கொஞ்ச ரத்தமும் வடிந்தது. அதுவரை அவளுக்குத் தன்னைப்பற்றிய நினைப்பே வரவில்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

காவலர் வந்தார். நரைத்த மீசைக்காரர், சளி பிடித்திருந்தது. காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டார்.

"மருந்து யாரோடது?"

"என்னோடது," என்றாள் எஃபத்.

"யாரு பொறுப்புல இருந்துச்சு?"

"வீட்டுல இருந்துச்சு."

"வீடு மருந்தை எடுத்து வைக்குமா? ஆள் யாருன்னு கேக்கறேன்."

எஃபத் தரையைப் பார்த்தாள். "நான்தான். நான்தான் வேற பாட்டில்ல மாத்தி வச்சேன்."

சொல்லிவிட்டு இரண்டு மணிக்கட்டையும் ஒன்றுசேர்த்து முன்னால் நீட்டினாள்.

"கையை எதுக்கும்மா நீட்டுறே?" என்றார் காவலர். "நான் இன்னும் எழுதவே ஆரம்பிக்கல."

அப்போது ஹொஜ்ஜத் வந்து சேர்ந்தான். மலையடி வயலிலிருந்து யாருடைய மோட்டார் சைக்கிளிலோ வந்திருந்தான். கையெல்லாம் மண், தலையெல்லாம் புழுதி. கண்ணாடிக்கு அப்பால் மகள் கையில் குழாய் ஏறியிருப்பதைப் பார்த்தான். தங்கை கையை நீட்டிக்கொண்டு நிற்பதையும் பார்த்தான்.

"உனக்காகக் கையெழுத்துப் போட்டேனேடி! ஊரே சொல்லுச்சு, கேக்காம கூட்டிட்டு வந்தேனே!"

எஃபத் தலை நிமிரவில்லை. நான் தாஹெரேயைப் பார்த்தேன். அவள் சுவர் ஓரம் முக்காட்டை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உடம்பு ஆடிக்கொண்டிருந்தது. சொன்னால் புருஷன்; சொன்னால் போலீஸ்; சொன்னால் மாமியார் வீடு, ஊர், ஹாஜியின் மனைவி. அத்தனை பேரும் அவள் முன்னால் நிற்பது போல எனக்கே தெரிந்தது.

"அவ இல்ல," என்றாள்.

யாருக்கும் கேட்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"அவ இல்லங்க. பாட்டில மாத்தினது நான். அவளுக்குத் தெரியவே தெரியாது. சாவி எங்கிட்டதான் இருந்துச்சு. நாலு பேரு சிரிப்பாங்கன்னு மாத்தினேன். என் புள்ளைக்கு நானே எமனை வச்சேன். எழுதுங்க."

ஹொஜ்ஜத்துக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. புரிந்ததும் கையை ஓங்கிக்கொண்டு மனைவியின்மேல் பாய்ந்தான். எஃபத் நடுவில் புகுந்தாள். அடி அவள் தோளில் விழுந்தது.

"விடு அண்ணே. பயந்துபோன பொம்பளையை அடிக்காதே. உள்ளே பூரா பயந்துபோன பொம்பளைங்கதான் இருந்தாங்க. அடி வாங்கி யாருக்கும் பயம் போகல."

காவலர் மூக்கைச் சிந்தினார். முதல் காகிதத்தைக் கசக்கிப் பையில் போட்டுக்கொண்டு எஃபத்திடம் கேட்டார். "எதுக்கும்மா பொய் சொன்னே? நேரா உள்ளேதான் போவேன்னு தெரியாதா?"

"தெரியும். அண்ணி போனா பாப்பாவை யாரு பாத்துக்குவாங்க? எனக்கு அந்த இடம் பழக்கம்." பிறகு, வெகு மெதுவாகச் சொன்னாள். "பழக்கம்னா பயம் இல்லேன்னு அர்த்தமில்ல சார்."

இருட்டும் நேரத்தில் டாக்டர் சொன்னபடியே ரெய்ஹானே மறுபடி அமிழ்ந்தாள். மறுபடி ஊசி, பிறகு சொட்டுச்சொட்டாகக் குழாயில் ஏற்றினார்கள். படுக்கைக்கு இந்தப் பக்கம் தாஹெரே, அந்தப் பக்கம் எஃபத். பிள்ளையின் மார்பு ஏறுகிறதா என்பதைத் தவிர இருவருக்கும் வேறு உலகமில்லை. நான் பூவைப் பற்றி நினைத்தேன். கூடத்தில் அவ்வளவும் அப்படியே கிடக்குமே என்று. பிறகு தெரிந்தது, கொப்ரா எல்லோரையும் பிடித்து உட்காரவைத்துப் பிரிக்கச் செய்துவிட்டாள் என்று. ஹாஜி கொர்பானும் அபின் நேரத்தைக் கூட மறந்து உட்கார்ந்தாராம். அவர் மனைவி மட்டும் வரவில்லையாம்.

விடிந்தபோது ரெய்ஹானே கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்தாள். "வாய் வலிக்குது. யாரு கடிச்சது?" என்றாள். ஹொஜ்ஜத் வராந்தாவுக்குப் போய் முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

எஃபத்தைப் பார்த்தேன். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. கொட்டாவி மேல் கொட்டாவி. அறை சூடாக இருந்தும் பல் கிட்டியது. மருந்து முந்தின நாள் காலையில் குடித்ததுதான். மிச்ச மருந்து வீட்டில் அந்தப் பாட்டிலில் கிடந்தது. அதை இனி யார் தொடுவார்கள்? அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கப் பயந்தாள் என்று நினைக்கிறேன். அந்த ஆஸ்பத்திரியில், அந்தப் படுக்கையின் பக்கத்தில், 'எனக்கு மருந்து வேண்டும்' என்று எப்படிச் சொல்வாள்? எழுந்து ஜன்னலோரம் போனாள். வெளியே நகரப் பேருந்து நிலையம். அங்கே எதைக் கேட்டால் எது கிடைக்கும் என்பது காயனில் எல்லோருக்கும் தெரியும். அவள் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள்.

தாஹெரேயும் பார்த்துவிட்டாள். எழுந்து புருஷனிடம் போனாள்.

"பாப்பாகிட்ட உக்காருங்க. கண்ணை எடுக்காதீங்க."

"நீ எங்க போறே?"

"இவளுக்கு மருந்து நேரம்."

எஃபத் திரும்பினாள். "நீ எதுக்கு அண்ணி? அங்க நிக்கறவங்க எல்லாம் ஆம்பளைங்க. யாராவது உன்னைப் பாத்தா ஊருல..."

"செருப்பைப் போடு. பராத் அண்ணே, மையம் வரைக்கும் விட்டுருங்க."

வழக்கு அந்த மாதமே நீதிபதி முன்னால் போயிற்று. தாஹெரேயை எச்சரித்து அனுப்பினார்கள். எஃபத்தின் விடுதலையில் கைவைக்கவில்லை. ஆனால் மருந்தை வீட்டுக்குக் கொடுப்பது நிறுத்தப்பட்டது, தினமும் மையத்துக்கு வந்துதான் குடிக்க வேண்டும் என்றார்கள். அன்று காலை இதெல்லாம் யாருக்கும் தெரியாது. போலீஸ் எந்த நேரமும் திரும்பி வரலாம் என்ற கிலியோடுதான் போனோம்.

மையத்தில் நீள வரிசை. லாரிக்காரர்கள், கொத்தனார்கள், ஒரு பள்ளிக்கூட வாத்தியார். பெண்கள் இவர்கள் இருவர்தான். தாஹெரே முக்காட்டைக் கண்வரை இழுத்துக்கொண்டாள். யாரோ இருமினால்கூட அவள் தோள் துள்ளியது. ஆனால் வரிசையை விட்டு நகரவில்லை. எஃபத் நிற்க முடியாமல் ஆடியபோது இடுப்பில் கைகொடுத்துப் பிடித்துக்கொண்டாள்.

சன்னலில் இருந்த நர்சு நடந்ததைக் கேள்விப்பட்டிருந்தாள். கடுகடுவென்று இருந்தாள். சின்னக் கோப்பையில் அளந்து ஊற்றி நீட்டினாள். எஃபத் இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள். குடித்தவர்கள் வாயில் ஒதுக்கி வெளியே கொண்டுபோய்விடக் கூடாது என்பதற்காக, குடித்ததும் ஏதாவது பேச வேண்டும். அது அங்கே வழக்கம்.

"பேசு," என்றாள் நர்சு.

எஃபத் யோசித்தாள். "நாளைக்கும் வருவேன்," என்றாள்.

பின்னாலிருந்து தாஹெரே அவள் முதுகில் ஒரு இடி இடித்தாள்.

"வருவோம்னு சொல்லு."